ஆறுதல் ஆணையத்தின் வரிசை

எங்கள் நாட்டில் மனத்துயரத்துக்கு ஓர் ஆணையம் உண்டு. அதற்கு முன்பும் துயரம் இருந்தது. ஆனால் அதற்கென்று கட்டிடமோ காரோ முத்திரையோ இல்லை. இவையெல்லாம் வந்த பிறகுதான் துயரம் முறைப்படி தொடங்கியது. தலைநகரில் ஏரிக்கரைப் பக்கம் கண்ணாடி பதித்த மாளிகை கட்டினார்கள். தலைமை இயக்குநராக ஸீ நெஜிப்பை நியமித்தார்கள். அவர் அதுவரை ஆலிவ் எண்ணெய் வாரியத்தில் இருந்தவர். எண்ணெயானாலும் துயரமானாலும் தரம் பிரிக்கத் தெரிந்தால் போதும் என்று ஒரு பேட்டியில் சொன்னார். நாங்கள் அதைப் படித்துவிட்டு, பக்கத்தைத் திருப்பிக் கால்பந்துச் செய்தி பார்த்தோம்.

ஸ்ஃபாக்ஸ் நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஜலீலாவும் அப்படித்தான் பக்கத்தைத் திருப்பியிருப்பாள். அந்த ஆணையம் தனக்குத் தேவைப்படும் என்று அவள் நினைத்திருக்க நியாயமில்லை.

ஒரு நாள் அவளிடம் கற்றுக்கொண்டிருந்தது இக்ராம். பல் மருத்துவமனையில் வேலை பார்க்கும் பெண், வாய் ஓயாமல் பேசுவாள். கிரெம்தா சாலை நாற்சந்தியில், தன் வருங்கால மாமியாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே சிவப்பு விளக்கைத் தாண்டிவிட்டாள். பக்கவாட்டில் தக்காளி ஏற்றிய லாரி வந்தது. பயிற்சிக் காரில் சொல்லித்தருகிறவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அதன்மேல் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் ஜலீலாவின் உத்தியோகம். அன்றும் கால் அதன்மேல்தான் இருந்தது. அவள் அமுக்கவில்லை. லாரி வருவதைப் பார்த்தாள். வரட்டும் என்று இருந்தது. இக்ராம்தான் அலறிக்கொண்டு தன் பக்கத்துப் பிரேக்கின் மேல் ஏறி நின்றாள். லாரிக்காரன் அவர்களுடைய பரம்பரையையே திட்டிவிட்டுப் போனான். நாலைந்து தக்காளி உருண்டு வந்து காரின் முன்னால் நின்றது.

"டீச்சர்! ஏன் டீச்சர் நீங்க அமுக்கல?"

"நீதான் அமுக்கிட்டியே. நல்லாத்தான் அமுக்கினே."

இக்ராம் விக்கி விக்கி அழுதாள். ஜலீலா காகிதக் கைக்குட்டை எடுத்துக் கொடுத்து, கியரை ரிவர்ஸில் போடச் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து, நடந்ததற்குப் பயந்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தாள். பயம் வரவில்லை. ஒரு வருடமாகவே எதுவும் வருவதில்லை. ஹரிஸ்ஸா மிளகாய் விழுதை ரொட்டியில் தடவித் தின்றால் நாக்கு எரியும், ஆனால் அது வேறு யாருடைய நாக்கோ போல இருக்கும். மொனாஸ்டிரில் படிக்கும் மகள் போனில் ஏதாவது வேடிக்கை சொன்னால், சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பாள். காரணம் என்று எதுவும் கிடையாது. யாரும் சாகவில்லை, கடன் இல்லை, கணவன் ஃபெத்தி அடிப்பவனில்லை. அவன் ரயில்வேயில் பாஸ்பேட் வண்டி ஓட்டுகிறவன், நல்ல மனிதன்.

"இன்னைக்கு லாரி அடிச்சிருக்கும்" என்றாள் அவனிடம்.

"அடிக்கலயே?"

"இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். டீ போடட்டா?"

டீ நன்றாகத்தான் போட்டான், பாதாம் மிதக்க. அவள் குடித்தாள். பயப்பட வேண்டிய விஷயத்துக்குப் பயம் வரவில்லை என்றால் அதுவே பயப்பட வேண்டிய விஷயம் என்று கணக்குப் போடுவதுபோல் நினைத்துப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் ஒட்டியிருந்த சுவரொட்டி நினைவுக்கு வந்தது. 'நீங்கள் தனியாக இல்லை' என்று பெரிய எழுத்து, அதைவிடப் பெரிதாக ஸீ நெஜிப்பின் முகம், அவருடைய டைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு தொலைபேசி எண். மறுநாள் மதியம் அங்கே போய், குனிந்து, எண்ணைப் படித்துக்கொண்டு வந்தாள்.

பதிவு செய்த பெண்குரல் ஒன்று எடுத்தது. மெத்தென்ற குரல்.

"வணக்கம். உங்கள் உணர்வைத் தேர்ந்தெடுக்கவும். சோகத்துக்கு ஒன்று. பயத்துக்கு இரண்டு. கோபத்துக்கு மூன்று. குடும்பத் தகராறுக்கு நான்கு. துக்கத்துக்கு ஐந்து, இறப்புச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொள்ளவும்."

ஜலீலா நேர்மையானவள். தேர்வில் மாணவர்கள் தோற்றால் தோற்றார்கள் என்றே எழுதுகிறவள். இவற்றில் எதுவும் தனக்கு இல்லை என்பதால் எதையும் அழுத்தாமல் காத்திருந்தாள். சற்று நேரம் கழித்து அதே குரல் சொன்னது:

"நீங்கள் எந்த உணர்வையும் தேர்ந்தெடுக்கவில்லை. எனவே நலமாக இருக்கிறீர்கள் என்று கொள்கிறோம். வாழ்த்துகள்."

தொடர்பு அறுந்தது. உண்மையிலேயே நலமாகத்தான் இருக்கிறோமோ என்று ஜலீலா ஒரு நாள் முழுக்க யோசித்தாள். அரசாங்கம் சொல்கிறதே.

ஆணையத்துக்குக் குறுஞ்செய்தியும் அனுப்பலாம் என்று சுவரொட்டியில் இருந்தது. பேசக் கூச்சப்படுகிறவர்களுக்காம். அவள் எழுதினாள்: 'பிரேக்கை அமுக்க வேண்டிய நேரத்தில் அமுக்கவில்லை. செத்தாலும் சரி என்று இருந்தது. என்ன செய்வது?' உடனே பதில் வந்தது. ஆச்சரியமாக இருந்தது அவளுக்கு.

'அன்பான குடிமகனே, வாகனப் பழுதுகள் போக்குவரத்துத் துறையைச் சார்ந்தவை.'

மறுபடி எழுதினாள். பழுது வண்டியில் இல்லை, என்னிடம்தான் என்று. இந்த முறை பதில் நீளமாக இருந்தது. அவளுடைய கைபேசி எண் கஃப்ஸா மாகாணத்தில் பதிவாகியிருப்பதால், அவளுடைய துயரம் கஃப்ஸா கிளைக்கு மாற்றப்பட்டிருக்கிறது. ஃபெத்தி கஃப்ஸாக்காரன், கல்யாணமான புதிதில் அந்த எண்ணை அங்கே வாங்கியிருந்தான். கஃப்ஸா கிளையிலிருந்து வார இறுதியில் செய்தி வந்தது. கிளை இன்னும் திறக்கப்படவில்லை, திறப்பு விழாவுக்கு அவசியம் வரவும் என்றது.

சாதாரண மனிதர்களாக இருந்தால் இந்த இடத்தில் கோபம் வந்திருக்கும். கோபம் வந்தால் மூன்றை அழுத்தியிருக்கலாம். ஜலீலாவுக்கு அதுவும் வரவில்லை. கடைசியில், தெரிந்தே ஒரு பொய் சொன்னாள். ஒன்றை அழுத்தினாள்.

இந்தத் தடவை உயிருள்ள ஒருவன் எடுத்தான். சின்ன வயசுக் குரல், எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"ஆறுதல் ஆணையம், வணக்கம் மதாம், சோகப் பிரிவு. சொல்லுங்க, அழுதுக்கிட்டிருக்கீங்களா?"

"இல்ல."

"அழப்போறீங்களா?"

"அப்படித் தெரியல."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "மதாம், தப்பா நெனைச்சுக்காதீங்க. இது நெருக்கடி லைன். நீங்க ரொம்ப அமைதியாப் பேசறீங்க. அமைதியாப் பேசறவங்களுக்கு நான் என்னன்னு சொல்றது? எங்க பயிற்சியில எல்லாம், அவங்க அழுவாங்க, நீங்க 'புரியுதுங்க'ன்னு சொல்லுங்கன்னுதான் சொல்லிக்கொடுத்திருக்காங்க."

"அப்ப இப்பவே சொல்லுங்களேன்."

"எதை?"

"புரியுதுன்னு."

"புரியலயே மதாம்." பையன் உண்மையானவன். "ஒண்ணு பண்றேன், உங்களை நிபுணர் வரிசையில போடறேன். பெரியவங்க பேசுவாங்க. வச்சிடாதீங்க."

உத் வாத்திய இசை ஆரம்பித்தது. பழைய மலூஃப் பாட்டு ஒன்றின் முதல் வரி மட்டும், திரும்பத் திரும்ப. ஜலீலா போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறை ஜன்னலருகே நின்றாள். கீழே தெருவில் மொபெட்டுகள் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச நேரம் கழித்துத்தான் இசைக்குப் பின்னால் வேறு ஏதோ கேட்பதைக் கவனித்தாள். எண்ணெயில் எதையோ பொரிக்கும் சத்தம்.

"யாராவது இருக்கீங்களா?" என்றாள்.

"இருக்கோம், இருக்கோம்" என்றது ஓர் ஆண்குரல். "நீங்க ஆணையமா?"

"இல்லைங்க. நான் வரிசையில நிக்கிறேன்."

"அட, நாங்களும் அதான். வாங்க. நான் தஹர், கைரவான். பொரிக்கிறது மனூபியா, பிஸெர்த்தாவுல இருக்காங்க. இன்னும் ரெண்டு மூணு பேர் உண்டு, அவங்க பேச மாட்டாங்க, ஆனா இருப்பாங்க."

எண்ணெய்ச் சத்தத்தின் நடுவிலிருந்து கட்டையான பெண்குரல் வந்தது. "புதுசா? எதை அழுத்தின?"

"ஒண்ணு. பொய்யா."

"எல்லாரும் பொய்தான். நான் ரெண்டு. எனக்கு நெஞ்சு படபடன்னு வந்து, இப்ப நின்னுரும் இப்ப நின்னுரும்னு இருக்கும். ரெண்டை அழுத்தினா ஒரு ரிக்கார்டு போட்டான். 'மூச்சை மெதுவாக உள்ளே இழுங்கள்'னு சொன்னா அந்தப் பொண்ணு. இழுத்தேன். அதோட லைன் கட்டு. வெளிய விடச் சொல்லவே இல்லடி! யாரைக் கேட்டு விடறது? மூஞ்சி கருத்து, கீழ் வீட்டுக்காரி வந்து முதுகுல ஒண்ணு வச்சா, அப்புறந்தான் விட்டேன்."

தஹர் கல்யாண வீடியோ எடுப்பவர். அவருடைய தம்பி படகேறி இத்தாலிக்குப் புறப்பட்டுப் போனான். அங்கேயும் போய்ச் சேரவில்லை, இங்கேயும் திரும்பவில்லை. துக்கத்துக்கு ஐந்தை அழுத்தினார், இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். சான்றிதழ் இல்லை என்றதும், 'அப்படியானால் நல்ல செய்தி, தம்பி உயிரோடிருக்கிறார்' என்று வாழ்த்தி வைத்துவிட்டார்கள். தம்பி உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருப்பதற்கு எண் எதுவும் ஒதுக்கப்படவில்லை.

ஆணையத்தின் கருவியில் ஏதோ கோளாறு. காத்திருப்பவர்கள் எல்லோரையும் அது ஒரே அறையில் உட்காரவைத்ததுபோல் கோத்துவிட்டிருந்தது. ஆணையத்துக்கு அது தெரியாது. யாராவது எடுத்தால்தானே தெரியும்.

ஜலீலா லாரியைப் பற்றிச் சொன்னாள். எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், கடை சாமான் சொல்வதுபோல். சொல்லி முடித்தபோது எண்ணெய்ச் சத்தம் நின்றிருந்தது. மனூபியா அடுப்பை அணைத்திருந்தாள்.

"லாரியில என்ன ஏத்தியிருந்தான்?" என்று கேட்டாள் மனூபியா.

"தக்காளி."

"நாசமாப் போச்சு. தக்காளியோட தக்காளியாக் கெடந்திருப்ப, உன் புருஷன் வந்து எதை அள்ளுவான்?"

ஜலீலாவின் மூக்கிலிருந்து ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பு என்று சொல்ல முடியாது. தும்மலுக்கு முன்னால் வருமே, அதுமாதிரி.

தஹர் சிரிக்கவில்லை. "தங்கச்சி, ஒரு விஷயம் கேக்கறேன், நேராச் சொல்லு. செத்துரணும்னு இருக்கா?"

இதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. ஆணையத்தின் மெத்தென்ற குரல்கூட.

"இருக்கணும்னு இல்ல" என்றாள். "அவ்வளவுதான்."

"சரி. நாளையிலேர்ந்து வண்டியில ஏறாத. லீவு சொல்லு. உன் புருஷன்கிட்ட 'லாரி அடிச்சிருக்கும்'னு சொல்லாத, 'நான் பிரேக்கை அமுக்கல'ன்னு சொல்லு. ரெண்டும் வேற. நாளைக்கு மதியம் இந்த வரிசைக்கு வா. நான் இருப்பேன்."

"டாக்டர்கிட்டயும் போ" என்றாள் மனூபியா. "நான் போனேன். மாத்திரை தந்தாரு. வாய் காயுது, ஆனா தூங்கறேன்."

அன்று அவள் ஃபெத்தியிடம் அந்த வார்த்தைகளிலேயே சொன்னாள். அவன் டீ போடுகிறேன் என்று சொல்லவில்லை. வெகு நேரம் அவளுடைய கால்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனான். மாத்திரை மெதுவாகத்தான் வேலை செய்யும் என்றார் டாக்டர். மெதுவாகவும் இல்லை, வேலையே செய்யவில்லை என்று தோன்றியது ஜலீலாவுக்கு. ஆனாலும் மதியமானால் போனை எடுத்து, ஒன்றை அழுத்தி, வரிசையில் போய் நின்றாள்.

எப்போதாவது ஆணையத்தின் நிபுணர் உண்மையிலேயே எடுத்துவிடுவார். அப்போது யாருடைய முறையோ அவர் வரிசையிலிருந்து பிடுங்கப்படுவார். "ஐயோ, என்னை எடுத்துட்டாங்க!" என்று தஹர் ஒரு நாள் கத்தினார். "சீக்கிரம் முடிச்சிட்டு வாங்கண்ணே" என்றாள் மனூபியா. நிபுணரிடம் தான் குணமாகிவிட்டதாகச் சொல்லிவிட்டு, தஹர் மறுபடி எண்ணைப் போட்டு வரிசையின் வாலில் வந்து சேர்ந்தார். பேசாமலிருந்தவர்களில் ஒருவர் அன்றைக்கு முதன்முதலாக வாய் திறந்து, "வந்துட்டாரா?" என்றார்.

ஆணையத்தில் இது வேறுவிதமாகத் தெரிந்தது. காத்திருப்போர் தொகை ஏறிக்கொண்டே போனது. வந்தவர்கள் போனை வைக்கவே இல்லை. ஸீ நெஜிப்புக்கு உச்சி குளிர்ந்தது. மக்கள் இவ்வளவு ஆர்வமாகக் காத்திருக்கும் அரசுச் சேவை வேறு எது? முதலாண்டு விழாவில் பொறுமை மிக்க குடிமகனுக்குப் பதக்கம் கொடுப்பதென்று முடிவானது. அதிக நேரம் காத்திருந்தவர் யார் என்று பார்த்தார்கள். ஸ்ஃபாக்ஸ் ஜலீலா.

ஃபெத்திக்கு அன்று வண்டி ஓட்ட வேண்டியிருந்தது. அவன் போகாதே என்றான். அவளுக்குப் போவதும் போகாததும் ஒன்றாகத்தான் இருந்தது, அதனால் போனாள். காலையில் ஏரிக்கரை மாளிகையின் அரங்கில் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தார்கள். தொலைக்காட்சிக் கேமராக்கள் இருந்தன, நேரடி ஒளிபரப்பு. ஸீ நெஜிப் எழுந்து பேசினார்.

"பெரியோர்களே! இந்த ஓராண்டில், எங்கள் ஊழியரோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு குடிமகன்கூட உயிரை விட்டதில்லை. ஐரோப்பாவில்கூட இப்படியொரு சாதனை கிடையாது. இதற்குக் காரணம், யாருடைய அழைப்பை எடுப்பது என்பதில் நாங்கள் காட்டும் நிதானம். அவசரப்பட்டு நாங்கள் எதையும் எடுப்பதில்லை. சிந்தித்துப் பாருங்கள், ஒருவர் இரண்டு மணி நேரம் காத்திருக்கிறார் என்றால் என்ன பொருள்? அவருக்கு இன்னும் இரண்டு மணி நேரமாவது வாழ விருப்பம் இருக்கிறது என்று பொருள். ஆக, நாங்கள் எடுக்காமலேயே குணப்படுத்துகிறோம்!"

கைதட்டினார்கள். அவர் தண்ணீர் குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல விரும்புகிறேன். எங்கள் கருவியில் ஒரு கோளாறு இருந்திருக்கிறது. காத்திருந்தவர்கள் பேசுவது ஒருவருக்கொருவர் கேட்டிருக்கிறது. எந்தப் பயிற்சியும், எந்தச் சான்றிதழும் இல்லாதவர்கள், ஆணையத்துக்குத் தெரியாமல் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லியிருக்கிறார்கள். சிலர் சிரித்திருக்கிறார்கள். பதிவு இருக்கிறது. கவலை வேண்டாம், நேற்று மாலை அது சரிசெய்யப்பட்டுவிட்டது. இன்று முதல் ஒவ்வொரு குடிமகனும் முழுத் தனிமையில், எந்த இடையூறும் இல்லாமல் காத்திருக்கலாம்!"

இந்தமுறை எழுந்து நின்று கைதட்டினார்கள். ஜலீலாவும் எழுந்தாள், பக்கத்திலிருந்தவர்கள் எழுந்ததால். வரிசையில் இருந்தவர்களில் யாருடைய எண்ணும் அவளிடம் இல்லை. கேட்கத் தோன்றியதில்லை. மதியம் போனால் இருப்பார்கள்.

பதக்கத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். நன்றி சொல்லும்படி ஒலிவாங்கியை நீட்டினார்கள். ஜலீலா அதைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தாள்.

"நான் ஜலீலா. ஸ்ஃபாக்ஸ். தஹரண்ணே, மனூபியா, பேசாம இருக்கறவங்க எல்லாரும் கேளுங்க. வரிசையை மூடிட்டாங்க. என் நம்பரை எழுதிக்குங்க."

சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் நாட்டில் எட்டு இலக்க எண்ணை இரண்டிரண்டாகத்தான் சொல்வோம். முதல் ஜோடி, இரண்டாவது, மூன்றாவது. கடைசி இரண்டைச் சொல்வதற்குள் ஸீ நெஜிப் புன்னகை மாறாமல் ஒலிவாங்கியைக் கையால் பொத்திவிட்டார்.

"சகோதரி உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்" என்றார்.

ஜலீலாவுக்கு உணர்ச்சி இருப்பதாக அரசுத் தரப்பில் ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை.

திரும்பி வரும்போது ஷேர் வேனில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இரு பக்கமும் ஆலிவ் மரங்கள், வரிசை வரிசையாக, முடிவே இல்லாமல். பதக்கத்தைப் பையில் போட்டுவிட்டாள். மதியமாகியிருந்தது. பழக்கத்தில் ஆணையத்தின் எண்ணைப் போட்டு, ஒன்றை அழுத்தினாள். இசை வந்தது. "யாராவது இருக்கீங்களா?" என்றாள். இசை மட்டும் இருந்தது. அப்போது மார்புக்குள் எங்கோ ஓர் இடம் சுருக்கென்று வலித்தது. மரத்துப்போன காலில் ரத்தம் ஓடத் தொடங்கும்போது குத்துமே, அந்தமாதிரி. அவள் போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

எல் ஜெம் ஊரைத் தாண்டும்போது போன் அடித்தது.

"யாரு, ஜலீலாவா?"

"மனூபியா!"

"அடிப்பாவி, அகப்பட்டியா! கடைசி ரெண்டு நம்பரை அந்த ஆளு முழுங்கிட்டான் இல்ல? பூஜ்யம் பூஜ்யத்துலேர்ந்து ஒவ்வொண்ணாப் போட்டுக்கிட்டே வரேன். ஊரையே தொந்தரவு பண்ணிட்டேன். ஒருத்தன் போலீஸுக்குப் போவேன்னான். ஒரு பொம்பள, ஜலீலா இல்ல, ஆனா மகளுக்குக் கல்யாணம், வந்துட்டுப் போன்னா. கைரவான்காரரும் இப்படித்தான் தேடறாரு போல, எடுத்தவங்க பாதிப்பேர் 'இப்பத்தானே ஒரு ஆம்பள கேட்டான்'னு கத்தறாங்க."

"எனக்கு இன்னும் வரலயே."

"வருவாரு. அவரு ஒண்ணு விட்டு ஒண்ணாப் போடறாரோ என்னவோ. இரு, இதைக் கேளு. தபர்காவுல ஒருத்தன் எடுத்தான். ஜலீலாவான்னேன். 'ஆமா, நான்தான் ஜலீலா, சொல்லுங்க'ன்னான்."

"ஆம்பளையா?"

"கட்டைக் குரல்டி! அப்புறம் பேச்சே இல்ல, மூச்சு மட்டும் கேக்குது. வைக்கவும் மாட்டேங்கறான். யாராவது கூப்பிட்டா சரின்னு இருந்திருப்பான் போல. பாவமா இருந்துச்சு, அவன்கிட்டதான் இவ்வளவு நேரம். 'ஜலீலாகிட்ட பேசு, அவ நம்பரும் உன் நம்பர் மாதிரியேதான், கடைசி ரெண்டு மட்டும் வேற, நீயும் போட்டுப் பாரு'ன்னு சொல்லி வச்சிருக்கேன்."

போனில் டுக் டுக் என்று இன்னோர் அழைப்பு குறுக்கே வந்தது. ஜலீலா திரையைப் பார்த்தாள். தெரியாத எண். தன் எண்ணேதான், கடைசி இரண்டைத் தவிர.

"மனூபியா, யாரோ கூப்பிடறாங்க."

"எடு, எடு. நான் வைக்கமாட்டேன்."

எடுத்தாள். மறுமுனையில் கட்டையான, கரகரத்த ஆண்குரல், ஒவ்வொரு சொல்லாகத் தயங்கியது.

"மன்னிக்கணும்... இங்கே ஜலீலாங்கறது..."

"நான்தான்" என்றாள் ஜலீலா. "சொல்லுங்க."